ஆள் மாட்டிய வார்த்தைகள்

இன்னும் கொஞ்சம் ஓடட்டும். உளுந்து பொங்கிவிட்டது, தெரிகிறது, எனக்கென்ன கண் இல்லையா, வெள்ளை வெளேரென்று ஏறிவந்து பாத்திரத்தின் விளிம்பைத் தொடுகிறது, தொட்டால் வெண்ணெயாக வழுக்குகிறது, இதற்குமேல் ஆட்டினால் மாவு சூடாகும், சூடானால் இட்லி கல்லாகும், கோயமுத்தூரில் பிறந்து வளர்ந்தவளுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருந்தாலும் ஓடட்டும். கிரைண்டர் ஓடுகிறவரை யாரும் என்னோடு பேச முடியாது. அடுப்படிக்கு வெளியே ஹாலில் அவர் உட்கார்ந்திருக்கிறார், தண்டபாணி, என் வீட்டுக்காரர், மடியில் பரீட்சை அட்டை, காதில் சொருகிய பேனா. பக்கத்தில் மிருதுளா, எங்கள் மகள், எட்டாவது படிக்கிறாள், செல்போனில் ஸ்டாப்வாட்சைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கிறாள். இருவருக்கும் எதிரில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, காலியாக, எனக்காக. கிரைண்டர் நின்றதும் நான் போய் அதில் உட்கார வேண்டும். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு வெள்ளைக்காரர் ஆகிவிடுவார். கேள்வி கேட்பார். நான் இங்கிலீஷில் பதில் சொல்ல வேண்டும், அதுவும் கடைத்தெரு இங்கிலீஷில் இல்லை, பெரிய பெரிய வார்த்தைகளாகப் போட்டு, திக்காமல், இடையில் 'அது வந்து' என்று இழுக்காமல். ஞாயிற்றுக்கிழமை காலை எல்லார் வீட்டிலும் கறி வேகிறது, எங்கள் வீட்டில் நான் வேகிறேன். "கோகிலா, ஆச்சா?" என்று கத்துகிறார். வாய் அசைவது தெரிகிறது, சத்தம் கேட்கவில்லை. கேட்டுவிட்டது, ஆனால் கேட்கவில்லை. காதைக் காட்டிக் கையை ஆட்டுகிறேன். கொஞ்சம் தண்ணீர் தெளிக்கிறேன், வேலை நடக்கிறது என்று தெரிய வேண்டுமே.

நாளைக்கு நிஜப் பரீட்சை. எழுதுவது, படிப்பது, கேட்பது எல்லாம் எனக்கு வந்துவிடுகிறது, பேச்சுதான் இரண்டு தடவையும் ஆறரையில் போய் நின்றது, ஏழு வேண்டும். ஏழு வந்தால் கனடா. வராவிட்டால் அடுத்த மாதம் எனக்குப் பிறந்தநாள், வயதுக்குக் கொடுக்கிற புள்ளி குறையும், எங்கள் ஃபைல் மூடப்படும், அவ்வளவுதான், ஜூனில் நான் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போய் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரலாம். "உங்க எடத்துல டெம்பரரியாத்தான் ஆள் போட்டிருக்கேன் கோகிலா, ஜூன் வரைக்கும் பார்ப்பேன்" என்று பிரின்ஸிபால் சொன்னார். அந்த டெம்பரரி பெண் லிமிட் பாடத்தை எப்படி நடத்துகிறாளோ. பக்கத்தில் போகும், இன்னும் பக்கத்தில் போகும், ஆனால் போய்ச் சேராது, இதைப் பிள்ளைகள் நம்புவதற்கே ஒரு வாரம் ஆகும், நான் கதவுவரை நடந்து காட்டுவேன், பாதி தூரம், அதில் பாதி, அதிலும் பாதி, பின்வரிசைப் பையன்கள் 'மிஸ் வெளிய போகவே மாட்டீங்களா' என்று சிரிப்பார்கள். டெரர் கோகிலா என்று எனக்குப் பெயர். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சாக்பீஸைக் கையில் எடுத்தால் என் குரல் மூன்றாவது மாடிக்குக் கேட்கும். அந்தக் குரல் பள்ளிக்கூட கேட்டைத் தாண்டி ஒருநாளும் வீட்டுக்கு வந்ததில்லை. ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, தான் போய் விழுமாம் கழுநீர்ப் பானையில் துள்ளி. கிராஸ்கட் ரோட்டில், வெளிநாட்டுக்கு அனுப்புகிற கன்சல்டன்சி ஆபீஸில், கழுத்தில் டை கட்டிய பையன் கால்குலேட்டரைத் தட்டிவிட்டு, சார் டிப்ளமோ, வயசும் நாற்பதைத் தாண்டிருச்சு, மேடம் எம்.எஸ்ஸி., வயசும் கம்மி, மேடம் பேர்ல போட்டாத்தான் பாயிண்ட் வரும், மேடம்தான் மெயின் என்று சொன்னபோது, இவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே. கல்யாண மேடையில்கூட அப்படிப் பார்த்ததில்லை. "இனி இன்ஜினே நீதான் அம்மிணி, நாங்க ரெண்டு பேரும் பெட்டி" என்றார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, பொய் சொல்வானேன். போகலாமா என்று யாரும் கேட்கவில்லை. இன்ஜினிடம் யார் கேட்பார்கள். வேலையை விட்டுவிட்டுப் படி என்றார். சரிங்க என்றேன்.

அந்த 'சரிங்க'வுக்கு ஒரு வார்த்தை இருக்கிறது. கிரைண்டருக்கு மேலே டைல்ஸில் இவர் ஒட்டி வைத்திருக்கிற சீட்டில் கடைசியில் இருப்பது அதுதான், அக்வியெஸ். மனசில்லாமலே, மறுத்தும் பேசாமல், சரி என்று இருந்துவிடுவது. தமிழில் இவ்வளவு நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நமக்கு இதற்கு வார்த்தை தேவைப்படவே இல்லை, பாதி வீடுகளில் இது தினப்படி நடப்பு. வார்த்தை மனதில் தங்குவதற்கு ஆல்வின் சார் ஒரு வழி சொல்லித்தந்தார். சார் என்கிறேன், என் பழைய மாணவனாக இருக்கக்கூடிய வயது, கோச்சிங் சென்டரில் எனக்கு முன்னால் நின்றுகொண்டு மார்க்கரைச் சுழற்றுவார். "மேம், டிக்‌ஷனரி மீனிங்கை மனப்பாடம் பண்ணாதீங்க. ஒவ்வொரு வார்த்தைக்கும் உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு ஆளை மாட்டுங்க. அந்த ஆளை நெனைச்சா வார்த்தை வரும்." ஆணியில் சட்டையை மாட்டுவதுபோலச் சொன்னார். நானும் மாட்டினேன். ஃப்ரூகல், சிக்கனக்காரர், என் அப்பா, தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் மளிகைக் கணக்கு எழுதுவார். மெட்டிகுலஸ், எதையும் நுணுக்கி நுணுக்கிப் பார்க்கிறவர், அது இவர், பம்ப் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர், ஸ்கூட்டரின் ஸ்போக்கைக்கூட பழைய பனியன் துணியால் ஒவ்வொன்றாகத் துடைப்பார். அப்ஸ்டினேட், பிடிவாதம், மிருதுளா, வேறு யார். கேரியுலஸ், ஓயாமல் பேசுகிறவர், மேல்வீட்டு சரோஜா அக்கா, மாடிப்படியில் மாட்டிக்கொண்டால் பால் பொங்கி அடுப்பு அணைந்துவிடும். நன்றாகத்தான் வேலை செய்தது. கேட்ட மாத்திரத்தில் வார்த்தை வந்தது. அக்வியெஸுக்கு மட்டும் யாரை மாட்டினாலும் நிற்கவில்லை. அம்மாவை மாட்டிப் பார்த்தேன், அம்மா வாயால் மறுக்கமாட்டாள், ஆனால் பாத்திரத்தை வைக்கிற வேகத்தில் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். "யாரும் கெடைக்கலைன்னா உங்களையே போட்டுக்குங்க மேம்" என்றார் ஆல்வின் சார் சிரித்துக்கொண்டே. நானும் சிரித்தேன். அதற்குமேல் தேட வேண்டிய வேலை இருக்கவில்லை.

மாட்டும்போது யாருக்குத் தெரிந்தது, மாட்டிய ஆள் இறங்கமாட்டார் என்று. போன பரீட்சையில் கேள்வி கேட்ட அம்மாள், கண்ணாடி போட்டவள், மேஜையில் ரெக்கார்டர், சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு, உன் அண்டை வீட்டாரில் ஒருவரைப் பற்றிப் பேசு என்றாள். லட்டு மாதிரிக் கேள்வி. கேரியுலஸ் என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்ததுமே சரோஜா அக்கா மாடிப்படியில் இறங்கி வந்து எனக்கும் அந்த அம்மாளுக்கும் நடுவில் நின்றாள். மிருதுளாவுக்கு டைஃபாய்டு வந்து, நான் பரீட்சைப் பேப்பர் திருத்தப் போக வேண்டியிருந்த நாட்களில், கஞ்சியை ஆற்றி ஆற்றிக் கொடுத்தது அந்த அக்கா, வாய் ஓயாமல் பேசிக்கொண்டேதான் கொடுத்தாள், அந்தப் பேச்சில்தான் குழந்தை கஞ்சி இறங்குவது தெரியாமல் குடித்தாள். அவளைப் போய் முகம் தெரியாத ஒருத்தியிடம் வாயாடி என்று விற்கிறேனே. நாக்கு நின்றுவிட்டது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அந்த அம்மாள் தலையை ஆட்டி ஆட்டி, சொல்லு சொல்லு என்கிறாள், எனக்கு வாயில் தமிழும் இல்லை, இங்கிலீஷும் இல்லை. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பார்கள், என் சட்டி நிறைய இருக்கிறது, அகப்பைதான் வரமாட்டேன் என்கிறது. ஆறரை. வராமல் நின்றதா, வரவிடாமல் நான்தான் நிறுத்தினேனா? இந்த இடத்தில்தான் எப்போதும் வந்து சிக்குகிறேன், கல்லுக்குள் ஒரு முழு உளுந்து சிக்கிக்கொண்டு டக் டக் என்று அடிப்பதுபோல. வேண்டுமென்றே தோற்கிறவள் என்றால் எனக்கு ஒரு தைரியமாவது இருக்கிறது என்று அர்த்தம். இல்லை, அப்படி இல்லை, நிஜமாகவே வரவில்லை. இல்லை, வந்தது, தொண்டைவரை வந்தது. அப்பாவைப் பற்றிப் பேச வந்தாலும் இதே கதிதான். அவர் போய் இத்தனை வருஷமாகிறது, எத்தனை விதமாக என் மனதில் இருந்தார், சைக்கிளில் முன்னால் உட்காரவைத்து வாய்ப்பாடு சொல்லவைத்தது, வியர்வை வாடை, வெற்றிலை, இப்போது அப்பா என்றால் ஃப்ரூகல் என்று மட்டும்தான் வருகிறது. ஒரு மனுஷனை ஒரு வார்த்தைக்குள் போட்டு மூடிவிட்டேன். இதற்கு எனக்கு மன்னிப்பே கிடையாது.

"அம்மா, இன்னும் எவ்ளோ நேரம்?" மிருதுளா அடுப்படி வாசலில் வந்து நிற்கிறாள். இவளுக்குக் கத்த வேண்டியதில்லை, வாயசைவே போதும், நான் பெற்றவள். உளுந்தைக் காட்டுகிறேன், இன்னும் ஆகவில்லை என்று உதட்டைப் பிதுக்குகிறேன். எட்டிப் பார்க்கிறாள். விளிம்பில் வழிகிற மாவையும் என்னையும் பார்க்கிறாள். ஹாலுக்குத் திரும்பிப் போகிறாள். இவள் ஏற்கெனவே அங்கே போய்விட்டாள், உடம்பு மட்டும்தான் இங்கே இருக்கிறது. பனியைப் பற்றிப் பேசுகிறாள், அங்கே பள்ளிக்கூடத்தில் யூனிஃபார்ம் கிடையாதாம், சிநேகிதிகளுக்கெல்லாம் சொல்லிவிட்டாள், இங்கே அடுத்த வருஷப் புத்தகத்துக்கு அட்டை போடமாட்டேன் என்கிறாள். அவரும் அப்படித்தான். அவரைத் திட்ட முடிந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருக்கும். குடிகாரர் இல்லை, கை ஓங்குகிறவர் இல்லை. அவர் கம்பெனியில் மாதாமாதம் ஒரு மீட்டிங், எல்லாம் இங்கிலீஷில். அவர் கையால் சரிபார்த்த பம்ப்பைப் பற்றி, நேற்று வந்த பையன் ஒருத்தன் எழுந்து தப்புத் தப்பாகப் பேசினானாம். தப்பு என்று இவருக்குத் தெரியும். எழுந்து சொல்ல இங்கிலீஷ் வரவில்லை. அந்தப் பையனுக்கு இவருக்கு மேலே பதவி வந்துவிட்டது. அன்று வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்துவிட்டுச் சொன்னார், "என்ற புள்ள இப்படி வாயை மூடிட்டு உக்காரக் கூடாது கோகிலா. எங்கயாச்சும் போயிரோணும்." அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் சரிங்க என்றுதான் சொல்லியிருப்பீர்கள். போன வாரம் கம்பெனியில் விலகல் கடிதம் கொடுத்துவிட்டார், என் நாக்கின்மேல் அவ்வளவு நம்பிக்கை. முன்னே போனால் முட்டுகிறது, பின்னே போனால் உதைக்கிறது. நாளைக்கு நான் நன்றாகப் பேசினால் என் வகுப்பறை போயிற்று. பேசாவிட்டால் இவர்கள் இருவரின் முகமும் போயிற்று. அவருடைய பெரியப்பா மகன் வீட்டில் ஒருத்தி கனடா போயிருக்கிறாள், எம்.ஃபில். படித்தவள், கிடங்கில் பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறாள், வீடியோவில் சிரிக்கிறாள், நல்லாருக்கோம் என்கிறாள். ஒட்டட்டும், உழைத்துச் சாப்பிடுவதில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் நான் யாருக்கு லிமிட் சொல்லுவேன்? பெட்டிக்கா? எனக்கு ஆத்திரம் வருகிறது. ஆத்திரத்துக்கு மட்டும் எத்தனை வார்த்தை கற்றுக்கொடுத்தார்கள், இன்டிக்னன்ட், லிவிட், இன்சென்ஸ்டு, ஒன்றுக்கும் நான் ஆள் மாட்டவில்லை, எல்லாம் காலி ஆணிகள். மாவைத் தொட்டுப் பார்க்கிறேன். வெதுவெதுப்பு ஏறிவிட்டது. போதும் நிறுத்து. இல்லை, இன்னும் கொஞ்சம்.

நின்றுவிட்டது. நான் நிறுத்தவில்லை. மேலே மின்விசிறி நிற்கிறது, ஃப்ரிட்ஜ் ஒருமுறை உறுமிவிட்டு அடங்குகிறது, கரண்ட் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை கரண்டை நிறுத்தி என்ன வேலை பார்க்கிறார்களோ, நாசமாய்ப் போக. வீடு அப்படியொரு அமைதியாகிவிட்டது. மேலே சரோஜா அக்கா யாரிடமோ பேசிக்கொண்டிருப்பது கேட்கிறது. "ஆச்சுல்ல? சரி, அங்கயே நின்னுட்டுச் சொல்லு, கையெல்லாம் மாவா இருக்குது" என்கிறார் இவர், நாற்காலியை அடுப்படிப் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு. காதிலிருந்து பேனாவை எடுக்கிறார். அட்டையில் இன்றைய வார்த்தைகள், நான் எதைப் பயன்படுத்துகிறேனோ அதற்கு டிக் அடிப்பார், பம்ப்புக்கு அடிப்பதுபோல. மிருதுளா கட்டைவிரலைத் தயாராக வைக்கிறாள். அவர் செருமிக்கொண்டு, எழுத்துக்கூட்டி, மரியாதையாக வாசிக்கிறார். உங்கள் வாழ்க்கையில் நீங்கள் எடுத்த ஒரு முக்கியமான முடிவைப் பற்றிப் பேசுங்கள். எப்போது எடுத்தீர்கள், ஏன் எடுத்தீர்கள், அதனால் மகிழ்ச்சி அடைந்தீர்களா.

தேடினேன். உண்மையாகவே தேடினேன், வார்த்தையை இல்லை, முடிவை. கணக்குப் படித்தது அப்பாவின் முடிவு. கல்யாணம் ஜாதகத்தின் முடிவு. கிடைக்கவில்லை. கிடைக்காததும் வாய் தானாகத் திறந்துகொண்டது, இங்கிலீஷில், வேகமாக, எங்கும் சிக்காமல். நான் முடிவெடுத்தவள் இல்லை, அக்வியெஸ் பண்ணினவள் என்றேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, யாரும் என்னைக் கேட்கவும் இல்லை என்றேன். ஒரு கரும்பலகைக்கு முன்னால் மட்டும்தான் நான் முழு ஆளாக இருந்தேன், அதை ரிலின்க்விஷ் செய்தேன், அதாவது என் கையாலேயே விட்டுக்கொடுத்தேன், விட்டுக்கொடுத்ததும் எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள் என்றேன். என் கணவர் மெட்டிகுலஸ், எதையும் ஒருமுறைக்கு இருமுறை சரிபார்ப்பார், என்னை மட்டும் சரிபார்க்க மறந்துவிட்டார் என்றேன். இன்டிக்னன்ட் என்றேன், காலி ஆணியில் நானே ஏறித் தொங்கினேன். இந்தப் பரீட்சையில் நான் ஜெயித்தால் தோற்றுவிடுவேன், அந்தக் குளிர் ஊருக்கு நான் ரிலக்டன்ட், மனமில்லாதவள், எப்போதும் மனமில்லாதவள் என்றேன். ஒரு முகமும் குறுக்கே வரவில்லை. மாவுக் கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு என் வகுப்பில் பேசுகிற குரலில் பேசினேன். அவர் தலை நிமிரவில்லை. பேனா டிக், டிக் என்று இறங்கிக்கொண்டே வந்தது, நான் போகிற வேகத்துக்கு அவருக்கு வார்த்தையைப் பிடிப்பதே பெரும்பாடாக இருந்தது. மிருதுளாவின் விரல் செல்போனின்மேல் அப்படியே நின்றது. அவள் இங்கிலீஷ் மீடியம்.

"அட்றா சக்கை!" என்று அட்டையைத் தொடையில் அடித்தார். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது அவருக்கு. "ஒரு வார்த்தை உடலியே அம்மிணி! எத்தனை டிக்குனு பாரு. ஒரு எடத்துலகூட நிக்கல. இதையே நாளைக்கு அப்படியே சொல்லிப்போடு, ஏழு என்ன, எட்டே போடுவாங்க." நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். போடுவார்கள். நிச்சயம் போடுவார்கள். போகமாட்டேன் என்று நான் சொல்கிற அழகுக்காகவே என்னைக் கூட்டிப் போய்விடுவார்கள். "பாதி எனக்குப் புரியல, அத்தனை ஸ்பீடு. என்ன கண்ணு சொன்னாங்க உங்கம்மா?" என்று மிருதுளாவிடம் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். கீழுதடு உள்ளே போயிற்று. தொண்டையில் ஒன்று ஏறி, நின்று, இறங்குவதை நான் இங்கிருந்தே பார்த்தேன், அந்த ஏற்றமும் இறக்கமும் எனக்கு மனப்பாடம். பிடிவாதக்காரி, அப்ஸ்டினேட் என்று நான் மாட்டி வைத்திருந்த பிள்ளை, "நல்லா சொன்னாங்கப்பா" என்றாள். "சரிங்கப்பா, நான் போய்க் குளிக்கட்டுமா?" என்றாள்.

அக்வியெஸுக்கு வேறு ஆள் கிடைத்துவிட்டாள். பதின்மூன்று வயதில், என் கண் முன்னால், என் மூக்கோடும் என் நெற்றியோடும் அதில் ஏறித் தொங்குகிறாள், நான்தான் மாட்டினேன். அந்த நேரத்தில் கரண்ட் வந்துவிட்டது. ஃபேன் சுற்றியது, கிரைண்டர் விட்ட இடத்திலிருந்து கடகடவென்று ஓட ஆரம்பித்தது, என்னைக் கூப்பிடுவதுபோல, வா, ஓடட்டும், யாரும் பேச முடியாது. அவர் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே எழுந்தார், கேட்கவில்லை. மிருதுளா பாத்ரூம் பக்கம் திரும்பிவிட்டாள். நான் மாவுக் கையோடு சுவிட்சை எட்டி அணைத்தேன். சுவிட்சில் மாவு அப்பிக்கொண்டது. "மிருது, நில்லு" என்றேன். அவருக்கும் கேட்க வேண்டும் என்று இன்னும் கொஞ்சம் உரக்க, வகுப்புக் குரல் வரவில்லை, ஏதோ ஒரு நடுங்குகிற குரல்தான் வந்தது, அதுவே போதும் என்று, "ஏனுங்க, சித்த உக்காருங்க. இப்பச் சொன்னதைத் தமிழ்ல சொல்றேன்" என்றேன்.

அவர் பேனாவைத் திறந்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிவைத்தார். மிருதுளா செல்போனைக் கீழே வைத்தாள்.